60,000 யூனிட் மூடநம்பிக்கை

தில்லியில் ஐப்பசி பிறந்துவிட்டது என்பதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. ஒன்று, பஞ்சாப், ஹரியானா பக்கமிருந்து வரும் வைக்கோல் புகை. இரண்டு, இன்றைக்கு ஏ.க்யூ.ஐ. எத்தனை என்று டிவிக்காரர்கள் போடும் கூச்சல். மூன்று, 'வைட்டமின் டி எடுத்துக்கிட்டீங்களா?' என்ற குசல விசாரிப்பு.

லிஃப்டில் கேட்கிறார்கள். வாராக்கடன் பற்றிப் பேச வேண்டிய ரிவ்யூ மீட்டிங்கில் கேட்கிறார்கள். மலை மந்திரில் அர்ச்சனைத் தட்டோடு நின்றால் பின்னால் நிற்கும் மாமி கேட்கிறார். அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "வாரம் ஒரு சாஷே, எட்டு வாரம். இந்த வின்டர்ல சளியே பிடிக்காது, கேரண்டி!"

கேரண்டியாம்! இருபது வருஷத்துக்கு மேல் பேங்கில் குப்பை கொட்டுகிறவன் நான். கேரண்டி என்றால் பின்னால் ஏதாவது செக்யூரிட்டி இருக்க வேண்டும். இந்த கேரண்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

'நீ என்ன டாக்டரா?' என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்: இல்லை. விருதுநகரில் பி.காம். படித்தவன். ஆனால் கணக்கு கேட்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை. கடன் கேட்டு ஒருவர் வந்தால், 'லாபம் வரும்னு எதை வச்சு சொல்றீங்க? மூணு வருஷ பேலன்ஸ் ஷீட் எங்கே?' என்று கேட்பது எங்கள் பிழைப்பு. அதே கேள்வியைத்தான் அந்த சாஷேயிடமும் கேட்கிறேன்.

முதலில் நியாயமாக ஒரு பாரா

வைட்டமின் டி டுபாக்கூர் சமாச்சாரம் இல்லை. அது இல்லாவிட்டால் சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. குழந்தைகளுக்குக் கால் வளையும், பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகும். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. கண்ணாடி வழியாக வரும் வெயிலில் தோல் இதைத் தயாரிக்காது, அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிரை கண்ணாடி நிறுத்திவிடும். ஏசி கேபினில் ஜன்னலோரம் உட்கார்ந்து முதுகைக் காட்டும் நம் ஆபீசர் வர்க்கத்துக்கு இது குறைவாக இருப்பதிலும் ஆச்சரியமில்லை.

சளி, காய்ச்சலோடு இதை முடிச்சுப் போட்டதும் முட்டாள்தனமில்லை. எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற இங்கிலாந்து கிராமத்துப் பக்கத்து டாக்டர், ஃப்ளூ ஏன் அங்கே குளிர்காலத்தில் மட்டும் வருகிறது என்று ஆயுசு முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார். சூரியனோடு தொடர்புள்ள ஏதோ ஒரு பருவகாலக் காரணம் இருக்க வேண்டும் என்று 1981-ல் எழுதினார். அந்த ஏதோ ஒன்று வைட்டமின் டிதான் என்று 2006-ல் வேறு சிலர் எழுதினார்கள். அதே வருஷம், நம் நோய் எதிர்ப்பு செல்கள் வைட்டமின் டியைப் பயன்படுத்தி கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் பொருளைத் தயாரிப்பதும் தெரிய வந்தது.

அருமையான ப்ராஜெக்ட் ரிப்போர்ட். ஆனால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் நன்றாக இருப்பது வேறு, ஃபேக்டரி ஓடுவது வேறு. லோன் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரியும்.

பேலன்ஸ் ஷீட்டைத் திறப்போம்

2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு பெரிய தொகுப்பு வந்தது. 25 ஆய்வுகள், 11,000 பேருக்கு மேல். பாதிப் பேருக்கு வைட்டமின் டி, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. முடிவு: கொஞ்சம் பலன் இருக்கிறது. 33 பேர் சாப்பிட்டால் ஒருவருக்கு சுவாசத் தொற்று தப்பும். வாட்ஸப்பில் இன்றைக்கும் சுற்றுவது இதுதான்.

ஆனால் அதே கட்டுரையில் இருந்த அடுத்த வரி வாட்ஸப்பில் வராது. தினமும் அல்லது வாரந்தோறும் சின்ன அளவில் சாப்பிட்டவர்களுக்குத்தான் பலன். மொத்தமாக ஒரே டோஸாக விழுங்கியவர்களுக்கு ஒன்றுமில்லை. அதிலும் நிஜமான பலன் ரத்தத்தில் 10 நானோகிராமுக்கும் கீழே, அதாவது அதலபாதாளத்தில் இருந்தவர்களுக்கு.

2021-ல் அதே குழு இன்னும் ஆய்வுகளைச் சேர்த்து, 48,000 பேருக்கு மேல் கணக்குப் பார்த்தது. வைட்டமின் டி சாப்பிட்டவர்களில் 61.3 சதவீதம் பேருக்கு சுவாசத் தொற்று வந்தது. சாப்பிடாதவர்களில் 62.3 சதவீதம். மக்களே, நூறு பேருக்கு ஒரு ஆள் வித்தியாசம்! அதுவும் தினமும் 400 முதல் 1,000 யூனிட் வரை சாப்பிட்டவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

2025-ல் மறுபடியும் கணக்கு. இப்போது 60,000 பேருக்கு மேல். அந்த ஒரு ஆள் வித்தியாசமும் தற்செயலாக வந்திருக்கலாம் என்று சொல்லும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. தினசரி டோஸுக்கு இருந்த தனிச் சலுகையும் இந்தத் தடவை நிரூபணமாகவில்லை.

முதலில் அமோக லாபம், பிறகு சுமார் லாபம், கடைசியில் கையைக் கடிக்காத அளவு. இப்படி மூன்று வருஷ பேலன்ஸ் ஷீட்டோடு யாராவது லிமிட்டை ஏற்றச் சொல்லி வந்தால் எங்கள் சாங்ஷன் கமிட்டி டீ கூட வாங்கித் தராது.

நம்ம ஊர் சாஷேக்கே ஒரு ஆய்வு உண்டு

நமக்கு ரொம்ப வேண்டப்பட்ட ஆய்வு ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. 60 வயதைத் தாண்டிய 21,000 பேருக்கு மேல். அவர்களில் பாதிப் பேருக்கு மாதம் ஒரு முறை, ஐந்து வருஷம், எத்தனை யூனிட் கொடுத்தார்கள் தெரியுமா? 60,000. நம் மெடிக்கல் ஷாப்பில் கேட்காமலேயே எடுத்து நீட்டும் அதே 60,000. சுவாசத் தொற்று பற்றிய முடிவு 2021-ல் வந்தது. தொற்று வரும் வாய்ப்பு குறையவில்லை. வந்தபிறகு படுத்துகிற நாட்கள் மட்டும் துளியூண்டு குறைந்தது.

'அங்கெல்லாம் வெயில் ஜாஸ்தி, குறைபாடே இருந்திருக்காது' என்பீர்கள். சரி, மங்கோலியா போவோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் 8,851 பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் 20 நானோகிராமுக்குக் கீழே. வாரம் 14,000 யூனிட், மூன்று வருஷம். ரத்தத்தில் அளவு நன்றாக ஏறியது. டி.பி. தொற்றும் குறையவில்லை, சளி காய்ச்சலும் குறையவில்லை. 2020-ல் வெளியானது. காபூலில் கைக்குழந்தைகள் 3,000 பேரில் பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். நிமோனியா குறையவில்லை. அது 2012.

எதிர்த்தரப்பு சாட்சியையும் மறைக்கக் கூடாது. அதே மங்கோலியாவில், கரிப்புகை சூழ்ந்த உலான்பாதரில், 247 குழந்தைகளுக்குக் குளிர்காலத்தில் தினமும் 300 யூனிட் சேர்த்த பால் கொடுத்ததில் சளித் தொல்லை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று 2012-ல் வந்தது. சின்ன ஆய்வு, பெற்றோர் சொன்னதை வைத்து எழுதிய கணக்கு. ஆனாலும் கவனியுங்கள்: தினமும், கொஞ்சமாக, பாலில், குறைபாடு மோசமாக இருந்த பிள்ளைகளுக்கு. நாம் செய்வது இதற்கு நேர் எதிர்: எப்போதாவது, மொத்தமாக, சாஷேயில், வசதியானவர்களுக்கு!

பேங்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மார்ச் 31 சாயங்காலம் ஒரு பெரிய டெபாசிட் வரும். ஏப்ரல் முதல் வாரத்தில் போய்விடும். புத்தகத்தில் நம்பர் அழகாக இருக்கும், கிளையின் நிலைமை அப்படியே இருக்கும். மொத்த டோஸ் ரத்தத்தில் நம்பரை ஏற்றுகிறது, ரிப்போர்ட் பச்சையாகிறது, மனசு குளிர்கிறது. மூக்கு மட்டும் ஒழுகுகிறது.

அப்புறம் ஒரு சின்னப் பெருக்கல். ஐ.சி.எம்.ஆர். 2020-ல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு நாளுக்கு 600 யூனிட். அப்படியானால் ஒரு சாஷே நூறு நாள் கோட்டா. வாரம் ஒன்று என்றால் நாளுக்கு 8,500 யூனிட்டுக்கு மேல். டாக்டர் சொல்லாமல் தாண்டக்கூடாது என்று அமெரிக்கர்கள் வைத்திருக்கும் எல்லை 4,000. நிஜமான குறைபாட்டுக்கு டாக்டர் எட்டு வாரம் எழுதிக் கொடுப்பது வைத்தியம், அதில் தப்பில்லை. அந்தச் சீட்டை ஃபோட்டோ எடுத்து குரூப்பில் போட்டு, ஆளாளுக்கு வருஷக்கணக்கில் சாப்பிடுவதுதான் கூத்து. அளவு மீறி விஷமாகிப்போய் வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாக வந்தவர்களைப் பற்றி 2011-லேயே காஷ்மீர் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் லட்சக்கணக்கான யூனிட் உள்ளே போன கேஸ்கள்.

சிவப்பு எழுத்து வியாபாரம்

எங்கள் கிளையில் போன வருஷம் ஒரு 'ஹெல்த் கேம்ப்'. லேப்பின் பெயர் வேண்டாம். 1,499 ரூபாய்க்கு 'இம்யூனிட்டி பேக்கேஜ்'. ரிசல்ட் வந்தது. அநேகமாக எல்லோருக்கும் வைட்டமின் டி சிவப்பு எழுத்தில். ஆபீஸே ஒரு நாள் துக்கம் கொண்டாடியது.

எனக்கு 22. 'போதாது' என்று சிவப்பு. ஏனென்றால் அந்த லேப் வைத்திருந்த கோடு 30. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2010-லேயே, 20 இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் போதும் என்று சொல்லிவிட்டது. 30 வேண்டும் என்று 2011-ல் சொன்ன ஹார்மோன் டாக்டர்கள் சங்கமே 2024-ல் அந்தக் கோட்டைக் கைவிட்டது. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இந்த டெஸ்ட்டை சும்மா எடுக்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டது. கோட்டைப் பத்து பாயின்ட் மேலே தூக்கினால் பாதி நாடு நோயாளி. மினிமம் பேலன்ஸை ராத்திரியோடு ராத்திரியாக உயர்த்திவிட்டு, மறுநாள் எல்லோரிடமும் அபராதம் வசூலிப்பது மாதிரி!

'டெஸ்ட் எடுத்து, குறைந்தவர்களுக்குக் கொடுத்தால் நல்லதுதானே?' நல்ல கேள்வி. பிரிட்டனில் கொரோனா காலத்தில் இதையே செய்து பார்த்தார்கள். 6,200 பேர். பாதிப் பேரை டெஸ்ட்டுக்கு அழைத்து, 30-க்குக் கீழே இருந்தவர்களுக்கு தினமும் 800 அல்லது 3,200 யூனிட். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஒன்றும் கொடுக்காத கோஷ்டியில் 4.6 சதவீதம் பேருக்கு சுவாசத் தொற்று. கொடுத்த இரண்டு கோஷ்டிகளில் 5.0, 5.7 சதவீதம். அதாவது எங்கள் கிளையில் விற்ற பேக்கேஜ் 2022-லேயே பரீட்சையில் ஃபெயில்.

எனக்கு 1,499 ரூபாய் போனால் பரவாயில்லை. எங்கள் கிளையின் செக்யூரிட்டி கார்டுக்கு அப்படி இல்லை. பிஹார்க்காரர், கான்ட்ராக்டர் சம்பளம். காஜிப்பூர் குப்பைமலைக்குப் பக்கத்தில் ஒரே ரூமில் குடும்பம். நாலு வயசுப் பிள்ளைக்கு ஒவ்வொரு குளிருக்கும் இளைப்பு. ஆபீசர்களெல்லாம் எடுக்கிறார்களே என்று பிள்ளைக்கும் ஒரு பேக்கேஜ் வாங்கிவிட்டார். 14 என்று வந்தது. கடைக்காரர் பெரியவர்களுக்கான சாஷேயை வாரம் ஒன்று என்று கொடுத்தனுப்பினார். "சாப், இதைக் குடிச்சா நெஞ்சு சரியாயிடும்ல?" என்று என்னிடம் கேட்டபோது நாலு சாஷே முடிந்திருந்தது. பிள்ளையை உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக் குழந்தை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவர் சாஷேயை நிறுத்தி, தினமும் சொட்டு மருந்து எழுதினார். இளைப்புக்கு இன்ஹேலர் கொடுத்தார். அந்தப் பிள்ளைக்கு இரண்டு வருஷம் முன்பே கிடைத்திருக்க வேண்டிய இன்ஹேலர் அது. ஃப்ளூ ஊசி பற்றி அவரிடம் யாரும் அதுவரை சொன்னதே இல்லை. ஊசி 1,500 ரூபாய் சுமாருக்கு வெளியில் போட வேண்டும், அரசாங்கத்தின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் அது இல்லை. அந்தக் காசுதான் ஏற்கெனவே பேக்கேஜுக்குப் போய்விட்டதே.

என் கோபம் சாஷே மேல் மட்டும் இல்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

யார் திருடன்?

'ஆனா நெஞ்சுச்சளி வர்றவங்களுக்கெல்லாம் வைட்டமின் டி கம்மியா இருக்கே?' இருக்கும். இருக்கத்தான் செய்யும்.

2002-ல் ஒரு தில்லி ஆய்வு வெளியானது. புகைக்குப் பேர்போன மோரி கேட் பகுதிக் குழந்தைகள் ஒரு பக்கம், அன்றைக்குக் காற்று கொஞ்சம் சுத்தமாக இருந்த குர்காவ் குழந்தைகள் இன்னொரு பக்கம். எல்லாம் இரண்டு வயசுக்குள். மோரி கேட் சராசரி 12.4. குர்காவ் சராசரி 27.1. தரைக்கு வர வேண்டிய புற ஊதாக் கதிரை வானத்திலேயே புகை தின்றுவிடுகிறது.

யோசியுங்கள். நுரையீரலைக் கெடுப்பதும் அதே புகை. வைட்டமின் டியைக் குறைப்பதும் அதே புகை. ஒரே திருடன் இரண்டு வீட்டில் புகுந்திருக்கிறான். இந்த வீட்டுக்காரன் அந்த வீட்டுக்காரனைப் பிடித்து 'நீதான் காரணம்' என்கிறான். திருடன் ஐ.டி.ஓ. சிக்னலில் ஜாலியாக நிற்கிறான். தில்லிக் காற்றில் நுண்தூசியின் வருஷ சராசரி 100 மைக்ரோகிராமை ஒட்டி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5. நம் அரசாங்கமே வைத்திருக்கும் எல்லை 40. இதை விட்டுவிட்டு ரத்தத்தில் 22-ஐ 30 ஆக்க அலைகிறோம்.

சரி, வெயில் குறைவதுதான் ஃப்ளூவுக்குக் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் அது எப்போது உச்சம்? இந்திய நகரங்களைக் கண்காணித்து 2015-ல் வந்த ஆய்வின்படி, ஸ்ரீநகரில் குளிர்காலத்தில். தில்லியில் மழைக்காலத்தில், அதாவது ஏப்ரல், மே, ஜூன் வெயிலை வாங்கி முடித்த கையோடு. குளிரில் வருவது இன்னொரு அலை. சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு. ஹோப்-சிம்ப்சனின் இங்கிலாந்துக் கதையை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாது.

அப்ப என்னதான்யா செய்யணும்?

திட்டிவிட்டு ஓடுவது என் வழக்கமில்லை. பட்டியல் போடுகிறேன்.

1. எலும்பு வலி, வளர்கிற பிள்ளை, கர்ப்பிணி, வெளியே வராத வயசானவர்கள்: டாக்டரிடம் போங்கள். அவர் எழுதினால் எலும்புக்காகச் சாப்பிடுங்கள். தினசரி சின்ன அளவு போதுமா என்று கேளுங்கள். 2024 வழிகாட்டியே ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மொத்த டோஸைவிட தினசரி டோஸ்தான் மேல் என்கிறது.

2. சளி காய்ச்சலுக்காக என்றால், அந்தக் காசில் ஃப்ளூ ஊசி பற்றி விசாரியுங்கள். முக்கியமாக அப்பா அம்மாவுக்கும், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும். குழந்தைகளுக்கான நிமோனியா ஊசி 2021 முதல் நாடு முழுக்க அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் குழந்தைக்குப் போட்டாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

3. பால், எண்ணெயில் வைட்டமின் சேர்ப்பது இங்கே இன்னும் பெரும்பாலும் கம்பெனிகளின் இஷ்டம். பாலுக்கு இருக்கும் அளவும் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட்தான். அரை லிட்டர் குடித்தாலும் 600-ல் கால்வாசியைத் தாண்டாது. அந்த கார்டின் பிள்ளை அரை லிட்டர் பாலைப் பார்த்ததே கிடையாது. சத்துணவிலும் ரேஷனிலும் இது சேர்ந்தால் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். கேட்க வேண்டிய இடம் அது.

4. காற்று. மாஸ்க் போடலாம், காய்ச்சலோடு ஆபீஸ் வந்து எல்லோருக்கும் பிரசாதம் வழங்காமல் லீவு போடலாம் (லீவு கொடுக்கலாம், மேனேஜர் பெருமக்களே!). ஆனால் புகையை நிறுத்துவது தனி ஆளின் வேலையில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் கேட்க வேண்டிய வேலை.

இந்த நாலாவதுதான் விஷயமே. ஒரு நகரமே மூச்சுத் திணறும்போது, 'உன் இம்யூனிட்டி கம்மி, நீ சாஷே சாப்பிடலை' என்று சொல்வது யாருக்கு வசதி? குப்பைமலையை எரியவிட்டவருக்கு வசதி. கான்ட்ராக்ட் ஆளுக்கு சிக் லீவு கொடுக்காதவருக்கு வசதி. பொது வியாதியைத் தனி ஆளின் அஜாக்கிரதையாக மாற்றிவிட்டால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். வாராக்கடனை ஒரு க்ளார்க் தலையில் கட்டிவிட்டு சேர்மன் டூர் போகிற டெக்னிக் இது. எங்கள் தொழிலில் ரொம்பப் பழசு.

வெயிலுக்கு வாருங்கள், நல்லது. அப்படியே அண்ணாந்து பாருங்கள். சூரியன் பித்தளைத் தாம்பாளம் மாதிரி கண் கூசாமல் தெரிந்தால், குறைபாடு உங்கள் ரத்தத்தில் மட்டும் இல்லை.

பி.கு. 1: டாக்டர் எழுதிக் கொடுத்து வைட்டமின் டி சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். நான் கணக்குப்பிள்ளை, டாக்டர் இல்லை.

பி.கு. 2: 'என் மச்சானுக்கு சாஷே சாப்பிட்டதிலிருந்து சளியே இல்லை' வகைப் பின்னூட்டங்கள் வரவேற்கப்படுகின்றன. மச்சான் அந்தச் சமயத்தில் மயிலாடுதுறைக்கு மாற்றலாகிப் போனாரா என்பதையும் சேர்த்துச் சொல்லவும்.